சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஏன் குறைகிறது, எலும்பு ஏன் வலிக்கிறது?

விலங்கியல்_டீச்சர்:

வணக்கம். மேல்நிலை வகுப்பில் செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம் என்று மண்டலம் மண்டலமாகப் பிரித்துத்தான் நடத்துகிறோம். மதிப்பெண்ணுக்கு அது போதும். கழிவுநீக்கத்துக்கு வரும்போதுதான் பிள்ளைகள் மடக்குகிறார்கள். சிறுநீரகம் கெட்டால் யூரியா ஏறும், சரி. ஹீமோகுளோபின் ஏன் 8க்கு இறங்குகிறது? பி.பி. ஏன் ஏறுகிறது? எலும்பு ஏன் வலிக்கிறது? மூச்சு வாங்குவது நுரையீரல் சமாச்சாரம் அல்லவா? கழிவு தேங்கிவிடுகிறது என்ற ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் சொல்ல முடியவில்லை.

சிறுநீரகம் மற்ற மண்டலங்களோடு எங்கே எங்கே கோத்திருக்கிறது, கெடும்போது எது முதலில் கெடும், எது கடைசியில் கெடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு தசைக் கழிவு) 1.2 வரை நார்மல் என்று போடுகிறார்களே, அதை அப்படியே நம்பலாமா? எண்களோடு சொன்னால் கரும்பலகையில் எழுதிப்போட வசதியாக இருக்கும்.

உடலியங்கியல்_லெக்சரர்:

டீச்சர், முதலில் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம், உடல் எடையில் அரை சதவீதம்கூடத் தேறாது. ஆனால் அவற்றுக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதில் பிளாஸ்மா சுமார் 600 முதல் 650 மி.லி. அந்தப் பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 125 மி.லி., குளோமெருலஸ் என்ற தந்துகிக் கொத்து வழியாக வடிகிறது. 125ஐ 1,440 நிமிடத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியே வருவது ஒன்றரை லிட்டர். உடம்பில் இருக்கிற பிளாஸ்மாவே 3 லிட்டர்தான், ஆக அது முழுவதும் ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. கழிவை மட்டும் பொறுக்கி எடுப்பதாகச் சொல்லித் தருவதைவிட, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேண்டியதைத் திரும்ப அள்ளிக்கொள்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சிறுநீரகத்தின் உழைப்பு முழுவதும் அந்த அள்ளுவதில்தான் இருக்கிறது. சோடியத்தில் சுமார் 65 சதவீதம் அண்மைச் சுருண்ட குழலிலும், 25 சதவீதம் ஹென்லே வளைவிலும், 5 சதவீதம் சேய்மைச் சுருண்ட குழலிலும், மிச்சமிருக்கும் கொஞ்சம் சேகரிப்புக் குழலிலும் மீட்கப்படுகிறது. ஹார்மோன்களின் நுண்ணிய கட்டுப்பாடு பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில சதவீதத்தில்தான்.

அடுத்து அழுத்தக் கணக்கு. குளோமெருலஸ் தந்துகிக்குள் பாடநூல் மதிப்பு 60 மி.மீ. பாதரசம். பிளாஸ்மா புரதங்கள் எதிர்த்திசையில் 32 இழுக்கின்றன. குளோமெருலஸைச் சூழ்ந்து வடிந்ததை ஏந்தும் பௌமானின் கிண்ணத்தில் இருக்கும் நீர் 18 தள்ளுகிறது. மிச்சம் 10. நாள் முழுக்க 180 லிட்டர் வடிவது இந்த 10ஐ நம்பித்தான். வாந்தி பேதியில் பி.பி. விழுந்தால் சிறுநீர் ஏன் சட்டென்று நிற்கிறது, கல் அடைத்துக் கிண்ணத்தில் அழுத்தம் ஏறினால் ஏன் வடிவது குறைகிறது, இரண்டும் இந்தக் கழித்தலில் இருக்கின்றன.

அழுத்தத்தை நம்பிப் பிழைக்கிற உறுப்பு, அழுத்தத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் இருக்குமா? குளோமெருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனியின் சுவரிலேயே உணரும் செல்கள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை ரெனினை விடும். கல்லீரல் ஏற்கெனவே ரத்தத்தில் விட்டுவைத்திருக்கும் ஆஞ்சியோடென்சினோஜனை ரெனின் வெட்டும். துண்டாகி வரும் ஆஞ்சியோடென்சின்-1ஐ, நுரையீரல் ரத்த நாளச் சுவரில் நிறைந்திருக்கும் ஏ.சி.இ. என்ற நொதி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்கும். அது நாளங்களை இறுக்கும்; அட்ரினலைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனையும், பிட்யூட்டரியைத் தூண்டி ஏ.டி.எச்.சையும் சுரக்க வைக்கும். முன்னது சோடியத்தைப் பிடிக்கும், பின்னது நீரைப் பிடிக்கும். ஒரே ஒரு பி.பி. குறைவைச் சரிசெய்ய சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், அட்ரினல், பிட்யூட்டரி என்று ஐந்து உறுப்புகள்.

இதுவே நோயில் திரும்பி அடிக்கிறது. நெஃப்ரான்கள் (குளோமெருலஸும் குழலும் சேர்ந்த நுண் வடிகட்டி அலகுகள்) தழும்பாகிச் சுருங்கும்போது சோடியம் வெளியேற முடியாமல் நிற்கிறது. அதோடு, ரத்தம் சரியாகக் கிடைக்காத நெஃப்ரான்கள் அழுத்தம் போதவில்லை என்று ரெனினை விட்டுக்கொண்டே இருக்கும். கையில் கட்டிப் பார்த்தால் பி.பி. 160 இருக்கும், அந்த நெஃப்ரானுக்கு அது எப்படித் தெரியும்? நல்லபடியாக இருக்கும் மற்ற நெஃப்ரான்கள் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி அவையும் தழும்பாகும். பி.பி. சிறுநீரகத்தைக் கெடுப்பதும் சிறுநீரகம் பி.பி.யை ஏற்றுவதும் ஒன்றையொன்று வளர்ப்பது இப்படித்தான்.

ரத்தம், எலும்பு பற்றி வார்டில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நெஃப்ரோ_டியூட்டி:

ஹீமோகுளோபினில் இருந்து தொடங்குகிறேன்.

சிறுநீரகப் புறணியில், குழல்களுக்கு நடுவே இருக்கும் ஒருவகைச் செல்கள் அங்குள்ள ஆக்சிஜன் அளவைக் கவனித்தபடி இருக்கின்றன. குறைந்தால் எரித்ரோபாய்ட்டின் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணு ஆகவேண்டிய இளம் செல்கள் செத்துப்போகாமல் காக்கும். பெரியவர்களுக்கு இந்த ஹார்மோனில் பெரும்பகுதி சிறுநீரகத்தில் இருந்துதான் வருகிறது, கல்லீரல் கொஞ்சம் தரும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் உற்பத்தி குறைந்தாலும் உடனே தெரியாது, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். மெல்ல இறங்குவதால் உடம்பும் பழகிக்கொள்ளும். 7 கிராமோடு நடந்து வருபவர்கள் இருக்கிறார்கள்.

பரிசோதனையில் அணுக்கள் அளவிலும் நிறத்திலும் இயல்பாகவே இருக்கும், எண்ணிக்கைதான் குறைவு. அணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தால் இரும்புச் சத்துக் குறைவும் சேர்ந்திருக்கிறதா என்று தேடவேண்டும். எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருபவர்களில் பலருக்கு இரும்புதான் காலி. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்காமல் ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. ஊசியால் 13க்கு மேல் ஏற்றவும் கூடாது. பக்கவாதம், ரத்தக்கட்டு அபாயம் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்த பிறகு 10 முதல் 11.5 என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எலும்பு. வெயிலில் தோல் செய்யும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதில் ஒரு மாற்றம் செய்யும், கடைசி மாற்றத்தைச் சிறுநீரகம் செய்து கால்சிட்ரியால் ஆக்கும். குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச அதுதான் வேண்டும். கூடவே, பாஸ்பேட்டை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலை. அந்த வேலை தடுமாறும்போது எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனை விட்டு, இன்னும் பாஸ்பேட்டை வெளியேற்று என்று சிறுநீரகத்தை விரட்டும். அதே ஹார்மோன் கால்சிட்ரியால் உற்பத்தியையும் அமுக்கிவிடும். கால்சியம் குறைவதைப் பார்த்து கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி பி.டி.எச்.சைக் கூட்டும், பி.டி.எச். எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் தரும். ரத்தத்தில் கால்சியம் சரியாகவே காட்டும். விலை கொடுத்தது எலும்பு. பாஸ்பேட் மிஞ்சினால் கால்சியத்தோடு சேர்ந்து ரத்த நாளச் சுவரில் படியும். இந்த நோயாளிகளில் பலர் இதயக் கோளாறில் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சு வாங்குவதற்கு மூன்று காரணம், மூன்றும் வேறு வேறு. நீர் தேங்கி நுரையீரலில் கோத்தால், படுத்தால் வாங்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். ஹீமோகுளோபின் குறைவென்றால் நடந்தால், மாடி ஏறினால் வாங்கும். மூன்றாவது அமிலம். புரதம் செரிப்பதால் தினமும் கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிஈக்விவலென்ட் அமிலம் உண்டாகிறது. அது வாயுவாக மாறாது, சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். தேங்கினால் பைகார்பனேட் 24இலிருந்து 15, 12 என்று இறங்கும். அதை ஈடுகட்ட நுரையீரல் ஆழமாக, வேகமாக கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சுத்தமாக இருக்கும், மூச்சு மட்டும் ஆழ ஆழமாக ஓடும். ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துவிட்டு அனுப்பிவிடக் கூடாத இடம் இது.

கெடும் வரிசை எல்லோருக்கும் ஒன்றுபோல் இராது. சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலும் முதலில் வருவது சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம். சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைவதால் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவதும், பி.பி. ஏறுவதும் ஆரம்பத்திலேயே வரலாம். வடிகட்டும் அளவு (லெக்சரர் நிமிடத்துக்கு 125 மி.லி. என்றாரே, அது) 60க்குக் கீழே போனால் பி.டி.எச். ஏறத் தொடங்கும். 30க்குக் கீழே ஹீமோகுளோபின் குறைவும் அமிலமும் பாஸ்பேட்டும் வெளிப்படையாகத் தெரியும். பொட்டாசியம் பொதுவாகக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், மருந்து குறுக்கிடாவிட்டால். குமட்டல், அரிப்பு, வாயில் உலோகச் சுவை எல்லாம் 15க்குக் கீழே. நோயாளி முதன்முதலாக டாக்டரைத் தேடி வருவது பல நேரம் இந்தக் கட்டத்தில்தான்.

கிரியாட்டினின் கேள்விக்கு நேரடியாக ஒரு கணக்கு. அது தசையில் இருந்து வருவது, ஆகவே தசை குறைந்தவருக்கு அளவும் குறைவாகத்தான் இருக்கவேண்டும். இப்போது புழக்கத்தில் உள்ள 2021 சி.கே.டி.-எபி சூத்திரத்தில் (கிரியாட்டினின், வயது, பாலினத்தை வைத்து வடிகட்டும் அளவைக் கணிப்பது) 1.2ஐப் போட்டுப் பாருங்கள். 25 வயது ஆணுக்கு வடிகட்டும் அளவு 86. 65 வயதுப் பெண்ணுக்கு 50. லேப் தாளில் இரண்டும் நார்மல். முதலாமவருக்கு அதுவரை சரி, இரண்டாமவர் சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் (வடிகட்டும் அளவு 60க்குக் கீழே) இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்யவேண்டும்.

இன்னொன்று: 0.7இலிருந்து 1.4 ஆனால் பாதித் திறன் போய்விட்டது. 5இலிருந்து 10 ஆனாலும் பாதிதான், ஆனால் இருந்த மிச்சத்தில் பாதி. பயப்படவேண்டியது முதல் இரட்டிப்புக்கு. நடப்பதோ, 1.4 என்றதும் லேசாகத்தான் கூடியிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவது. சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியாட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்கவேண்டும். 30க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் கிரியாட்டினின் 0.8 ஆக இருந்தாலும் நோய் இருக்கிறது என்றுதான் பொருள்.

டயாலிசிஸ்_டெக்:

டீச்சர், மெஷினால் எது முடியும், எது முடியாது என்று இரண்டு பத்தி போட்டுக் காட்டுங்க. பிள்ளைகளுக்குச் சட்டுனு பிடிபடும்.

வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு 4 மணி நேரம். 168 மணி நேரத்துல 12 மணி நேரம்தான் வேலை. ரத்தம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மி.லி., எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவம் 500 மி.லி. ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணீர் ஓடும். யூரியா இறங்கும், பொட்டாசியம் இறங்கும், பைகார்பனேட் ஏறும், தேங்கின நீர் வெளியேறும். எரித்ரோபாய்ட்டின் வராது, கால்சிட்ரியால் வராது; அதனாலதான் ஊசியும் மாத்திரையும் தனியா. பாஸ்பேட்டும் செல்லுக்குள்ள பதுங்கிக்கிட்டு மெதுவாத்தான் வெளியே வரும், 4 மணி நேரத்துல முழுசா எடுக்க முடியாது. அதைச் சாப்பாட்டோட சேர்த்துப் போடுற மாத்திரைதான் பிடிக்கணும். வெறும் வயித்துல அந்த மாத்திரையைப் போட்டா பிரயோசனமே இல்லை, சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பேட்டைக் குடல்லயே பிடிக்கத்தான் அது.

நீர் எடுக்குறதுலதான் தப்பு நடக்கும். கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல எடுக்காம இருக்குறது நல்லது. 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்துல 3.1 லிட்டர் வரும். ஆள் 5 கிலோ ஏத்திக்கிட்டு வந்து எல்லாத்தையும் இன்னைக்கே எடுங்கன்னா நடுவுல பி.பி. விழும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், வாந்தி வரும். ரத்த நாளத்துக்குள்ள இருக்குற நீரைத்தான் மெஷின் எடுக்கும். திசுவுல தேங்கினது உள்ள வந்து அந்த இடத்தை நிரப்ப நேரம் வேணும்.

தண்ணியைக் குறைன்னு மட்டும் சொன்னா நடக்காது. உடம்பு உப்பை லிட்டருக்கு 9 கிராம் கணக்குலதான் கரைச்சு வைக்கும். 9 கிராம் உப்பு உள்ள தங்கினா 1 லிட்டர் தண்ணி குடிக்கிற வரைக்கும் தாகம் விடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சிப்ஸ் இதை நிறுத்தினா தாகம் தானா அடங்கும். இந்துப்பு நல்லதுன்னு நம்புறவங்க நிறைய. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். லோ-சோடியம் உப்புன்னு விக்குறது அதைவிட மோசம், இவங்களுக்கு. அதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

மருந்தாளர்_கோவை:

டாக்டர் "மருந்து குறுக்கிடாவிட்டால்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். கடைக்கு வருபவர்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

லெக்சரர் சொன்ன உட்செல் நுண்தமனியைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துபவை. வெளிச்செல் நுண்தமனியை இறுக்கி உள்ளே அழுத்தத்தைத் தாங்குவது ஆஞ்சியோடென்சின்-2. எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் அதைத் தடுக்கின்றன. நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வரும் பக்கம் இறுகும், போகும் பக்கம் தளரும், வருகிற ரத்தமும் குறையும். 60, 32, 18 கணக்கில் மிச்சம் 10 நிற்காது. சித்திரை வெயிலில் வாந்தி பேதியோடு இருப்பவர் மூட்டு வலிக்கு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் சிறுநீர் வற்றிவிடலாம். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. இத்தனைக்கும் அந்த பி.பி. மாத்திரைகளே கிரியாட்டினினை ஏற்றுபவைதான்.

பிலிம்பிப் புளி, நட்சத்திரப் பழம் இரண்டிலும் ஆக்சலேட் மிக அதிகம். கொழுப்பு குறையும் என்று பிலிம்பிச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு மூளையையும் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரும்.

நெஃப்ரோ_டியூட்டி:

வலி மாத்திரை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கடைசி வாக்கியத்தை மட்டும் இப்படியே விட முடியாது, படித்துவிட்டு யாராவது டெல்மிசார்ட்டனை நிறுத்திவிடுவார்கள். அந்த மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். வடிகட்டிக்குள் இருந்த மிதமிஞ்சிய அழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையைத் தொடர்வோம், நெடுநாளில் சிறுநீரகத்தைக் காப்பதே அதுதான். தொடங்கி 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கவேண்டும். வாந்தி பேதி வந்த நாட்களில் மட்டும் தற்காலிகமாக நிறுத்துவதா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் 6.5க்கு மேல் என்றால் வீட்டில் பார்க்கிற விஷயமில்லை. ஈ.சி.ஜி.யில் டி அலை கூராக உயரும், பிறகு இதயம் நின்றே போகலாம். முதலில் கால்சியம் குளுக்கோனேட் போடுவது இதயத்தைக் காக்க மட்டும். அதனால் பொட்டாசியம் ஒரு புள்ளிகூட இறங்காது. இன்சுலினும் குளுக்கோஸும் அதைச் செல்லுக்குள் தள்ளும், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். உடம்பை விட்டு வெளியேற்ற வேறு வழி பார்க்கவேண்டும். இளநீர் ஒன்றே போதும், டயாலிசிஸ் நோயாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர. காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வெறுமனே ஊறவைப்பதில் அவ்வளவு குறையாது.

விலங்கியல்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. 60, 32, 18 நாளைக்கே போர்டுக்குப் போகிறது. ஒரே ஒரு கேள்வி பாக்கி, இதையும் கேட்பார்கள்: ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவருக்குத் திறன் பாதியாகிவிடாதா? அப்படியென்றால் அவரும் மூன்றாம் நிலை நோயாளி ஆவாரா?

உடலியங்கியல்_லெக்சரர்:

கொடுத்த அன்றைக்குப் பாதிதான். மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் சில நாளிலேயே கூடிவிடும், ஒவ்வொரு நெஃப்ரானும் பருத்து அதிகம் வடிக்கும். நெஃப்ரான் எண்ணிக்கை கூடாது, பிறந்த பிறகு புது நெஃப்ரான் உருவாவதில்லை. சில மாதத்தில் பழைய மொத்தத் திறனில் 60 முதல் 70 சதவீதம்வரை வந்து நிற்கும். 110 இருந்தவருக்கு 70 வாக்கில். கணக்கில் 60க்குக் கீழே வருபவர்களும் உண்டு. ஆனால் அங்கே குறைந்திருப்பது எண்ணிக்கை, இருக்கும் நெஃப்ரானில் தழும்பு இல்லை. ஆல்புமின் கசியாமலும் பி.பி. ஏறாமலும் இருக்கும்வரை அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவேண்டியதில்லை. அதனால்தான் கொடுத்தவர்களை வருடா வருடம் வரச்சொல்லி பி.பி., கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் மூன்றையும் பார்க்கிறார்கள்.